ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே

"தொட்டியா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு!"

"தொட்ல சார். எத்தினி தபா சொல்றது?"

"தொடாம எப்படிப்பா கத்தும்? ஏழு கடல் தாண்டி வந்த வஸ்து, தானா உறுமுமா?"

"தொட உட்டிருந்தா உறுமாது சார். அத்தத்தான் நான் சொல்லிக்கினு கீறேன்."

"பாருங்கோ! எப்படிப் பேசறான் பாருங்கோ!"

ஸ்வரமஞ்சரி சபாவின் கௌரவச் செயலாளர் பத்ரிநாராயணன் இதை மேஜையைத் தட்டிச் சொன்னார். காபி டபராக்கள் குதித்தன. மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே இரண்டு சந்து தள்ளி இருக்கும் அந்த சபாவில் குரல் உயர்வது புதிதல்ல. டிக்கெட் வாங்கிக் கேட்கிற குரலைவிட இலவசமாகத் தெருவில் கேட்கிற குரல்தான் அங்கே கணீரென்று இருக்கும் என்பது அக்கம்பக்கத்தாரின் நெடுநாள் அபிப்பிராயம்.

எதிரே, கதவுக்கு வெளியே, கால்மிதிக்கு அந்தப் பக்கம் நின்றவன் தங்கவேல். பட்டினப்பாக்கத்தில் மைக்செட் கடை வைத்திருப்பவன். பதினோரு வருஷமாக சபாவுக்கு அவன்தான் ஒலி. கமிட்டி கூடும்போது உறுப்பினரல்லாதோர் கால்மிதியைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்ததால் இந்தப் பதினோரு வருஷமும் அவன் கமிட்டியை நிலைப்படியின் சட்டத்துக்குள்தான் பார்த்திருக்கிறான், மாட்டிவைத்த போட்டோ மாதிரி. போட்டோ இவ்வளவு கத்தியது இதுதான் முதல் தடவை.

விவகாரம் இதுதான். செயலாளரின் மாப்பிள்ளை ஷ்ரவண், 1996 ஆகஸ்டில் நியூ ஜெர்சியிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினார். கறுப்பாக, முழங்காலுக்கு மேல் உயரமாக, ஒரு சின்னப் பீரோ போல இருந்தது. பவர்டு சப்ஊஃபர் என்று பெயர். சாதாரண ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் வெளியே இருக்கும். இதற்கு வயிற்றுக்குள்ளேயே இருந்தது. ஆகவே இதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கம் மாதிரி கனத்த சத்தங்களை மட்டும் பொறுக்கியெடுத்து கேட்பவர் நெஞ்சில் இடிப்பது அதன் உத்தியோகம். அமெரிக்கக் கரண்டுக்குப் பிறந்த ஜீவன் என்பதால் ரிச்சி தெருவில் அதற்கென்று ஒரு டிரான்ஸ்பார்மரும் வாங்கினார்கள்.

விஜயதசமி அன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. மேடையின் கன்னி மூலையில் கோலம் போட்டு அமர்த்தினார்கள். சத்தம் வெளியே வருவதற்காகக் கம்பெனிக்காரன் விட்டிருந்த ஓட்டையின்மேல், 'உபயம்: ஷ்ரவண் – ஹம்சினி தம்பதியர்' என்ற பித்தளைத் தகடு ஏறியது.

இதெல்லாம் பரவாயில்லை. பிளக் எங்கே என்பதுதான் பிரச்சினை. விலையுயர்ந்த பொருளின் ஸ்விட்ச் கண்டவன் கையில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, சுவரில் ஓட்டை போட்டு, வயரைச் செயலாளரின் அறைக்குள் இழுத்து அங்கே சொருகினார்கள். அதிலிருந்து ஒரு சடங்கு பிறந்தது. கடவுள் வாழ்த்து முடிந்ததும் இணைச் செயலாளர் சாய்நாத், "இப்போது நமது செயலாளர் அவர்கள் ஒலியைத் துவக்கிவைப்பார்கள்" என்பார். பத்ரிநாராயணன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய், அறையைத் திறந்து, ஸ்விட்சைத் தட்டி, அறையைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, திரும்பி வந்து கைகூப்புவார். கைதட்டல். நாலரை நிமிஷம். அதுவரை மேடையில் வித்வான்கள் மடியில் வாத்தியத்தோடு கல்யாணத்தில் தாலிக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

துவக்கிவைத்த முதல் நாளே உறுமலும் துவங்கிவிட்டது. பெரிய சத்தமில்லை. 'உம்ம்ம்' என்று ஒரே நீளமாக, பக்கத்து வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது போல.

"சார், ரெண்டே நிமிசம் கேளுங்கோ" என்றான் தங்கவேல், கால்மிதிக்கு அப்பாலிருந்து. "பொட்டிக்குக் கரண்டு உங்க ரூம்லேர்ந்து வருது. என் மிக்ஸருக்கு ஸ்டேஜ் பாயிண்ட்லேர்ந்து வருது. ரெண்டு எடத்துல ரெண்டு எர்த்து. நடுவுல ரெண்டையும் சேத்து ஒரு சவுண்டு வயர் போவுது. அதுல கரண்டு சுத்திக்கினே கீது சார், அத்தான் உறுமல். ரெண்டு பிளக்கையும் ஒரே எடத்துல சொருகினா கப்சிப்னு ஆயிடும்."

"ஒரே எடம்னா?"

"ஸ்டேஜ் பாயிண்ட்ல சார். என் டேபிள் பக்கத்துல."

"அப்போ ஸ்விட்சை யார் போடுவா?"

"நான்தான் சார்."

பத்ரிநாராயணன் இடுப்பிலிருந்த அறைச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டார். 

"சரி சார், அது வோணாம்னா என் மிக்ஸர் வயரை உங்க ரூம்ல சொருகிக்கிறேன்" என்றான்.

"இன்னிக்கு உன் வயர் உள்ளே வரும். நாளைக்கு நீ வருவே. நாளன்னிக்கு நாற்காலி கேப்பே!" என்றார் பத்ரிநாராயணன். "கேட்டுக்கோ. டிசம்பர் பதினைஞ்சு சீஸன் ஆரம்பம். அதுக்குள்ளே இந்தச் சத்தம் நிக்கணும். நிக்கலேன்னா வேற ஆள். நம்ம சபா மட்டும் இல்லே, ஊர்ல இருக்கிற அத்தனை சபாவுக்கும் உன் கையைப்பத்தி லெட்டர் போடுவேன்."

"அப்போ பிளக்கை மாத்தட்டுமா சார்?"

"தொடப்படாது!"

 சத்தம் நிற்க வேண்டும், நிறுத்தக் கூடாது. தங்கவேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போகிற வழி முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். ஒட்டவில்லை.

அவன் பதறுவதற்குக் காரணம் இருந்தது. தை மாசம் அவனுக்கு நிலாவைப் பரிசம் போடுவதாகப் பேச்சு. நிலா கிண்டியில் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒரு பொத்தான் கோணலாக இருந்தால் சட்டையை மூஞ்சியில் எறிவாள் என்று பெயர். அவள் அப்பா சேட்டு, மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர். "மாப்ள மைலாப்பூர் சபாவுல கீறாரு. பெரிய பெரிய பாட்டுக்காரங்கோ வாயாண்ட மைக்கு வெக்கிறதே அவுருதான்" என்று குப்பம் முழுக்க டமாரம் அடித்து வைத்திருந்தார். சபா போனால் மாப்பிள்ளையும் போச்சு.

இதற்கிடையில் சபா தூங்கவில்லை. ஒலி உபகுழு என்று ஒன்றை அமைத்தது. தலைவர் பத்ரிநாராயணன், குறிப்பெழுத சாய்நாத், ஞானத்துக்கு சூடாமணி மாமி. மாமி முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். தன் காதைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை மற்றவர்களுக்குக் காஞ்சிப் பெரியவர்களிடம்கூட இருக்காது.

முதல் கூட்டத்தில் சாய்நாத் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். அவர் பாங்க் ஆபீசர். "சத்தம் இருக்குன்னு மினிட்ஸ்ல ஏறாதவரைக்கும் அது இல்லே. இல்லாத சத்தத்தை விசாரிக்க நமக்கு அதிகாரமும் இல்லே." ஆகவே முதல் கூட்டம் சத்தம் இருப்பதாக ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தது.

இரண்டாம் கூட்டம் அது வண்டு என்று கண்டுபிடித்தது. சபா வாட்ச்மேன் மூன்று நாள் டார்ச் லைட்டும் கையுமாக நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்தார். ஒரு ஒற்றைத் தோடும், 1989 சீஸன் டிக்கெட் ஒன்றும், யாருடையதோ பல்செட்டும் கிடைத்தன. வண்டு கிடைக்கவில்லை. 'வண்டு ஒத்துழைக்கவில்லை' என்று சாய்நாத் எழுதிக்கொண்டார்.

தங்கவேல் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தான். நிலாவின் கையெழுத்து, முத்து முத்தாக. பிளக்கை மாற்ற அனுமதி கோரி, ஒலி உபகுழுவுக்கு. சாய்நாத் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உபகுழு நேரா மனு வாங்கப்படாதுப்பா. பொதுக்குழு அனுப்பிவெச்சாத்தான் வாங்கலாம்."

"அப்போ பொதுக்குழுவுக்குக் குடுக்கட்டுமா சார்?"

"அது உபகுழு ரிப்போர்ட் வந்தப்புறம்தான் கூடும்."

"ரிப்போர்ட்டு எப்ப சார் வரும்?"

"மனு வந்தா வரும்."

பத்ரிநாராயணன் கொஞ்சம் கனிவாகவே பேசினார். "தங்கவேலு, நான் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆடிட்ல இருந்தவன். என் சர்வீஸ்ல ஒரு ஃபைலைக்கூட நான் முடிச்சதில்லே. ஏன் தெரியுமோ? முடிச்சுட்டா அப்புறம் எவனாவது திறந்து பார்ப்பான். திறந்தே இருக்கிற ஃபைலை எவனும் பார்க்க மாட்டான். நான் ரிடையர் ஆனப்போ தங்கப் பதக்கம் போட்டா."

மூன்றாம் கூட்டத்தில்தான் சூடாமணி மாமியின் ஞானம் இறங்கியது. கையோடு சுருதிப் பெட்டி கொண்டுவந்திருந்தார். செயலாளர் போய் முறைப்படி ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்தார். 'உம்ம்ம்.' மாமி கண்ணை மூடிக்கொண்டார். சுருதிப் பெட்டியின் திருகைத் திருகினார். இன்னும் கொஞ்சம். முகம் மலர்ந்தது.

"அஞ்சு கட்டை. அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேலே."

"அப்படின்னா?" என்றார் சாய்நாத்.

"அப்படின்னாவா? அட அசடே! பொம்மனாட்டிகள் அஞ்சு கட்டையிலே பாடினா இது ஷட்ஜம். ஆம்பிளைகள் ஒரு கட்டையிலே பாடினா இதே பஞ்சமம். யாருக்கும் விரோதமில்லே. இது இரைச்சல் இல்லே ஓய், இது தம்புரா! கை வலிக்காத தம்புரா! நடுவிலே எழுந்து கேண்டீன் போகாத தம்புரா!"

கண்ணீர் விட்டார் என்று சொல்கிறார்கள். பத்ரிநாராயணனும் அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் மாப்பிள்ளை சுருதி சேர்த்தே அனுப்பியிருக்கான். நமக்குத்தான் காது இல்லே" என்றார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அது சுருதி இல்லம்மா. எர்த்து பிராப்ளம்."

"எர்த்தாவது கிர்த்தாவது. நீ மைக்செட்காரன். மைக்செட்காரனா இரு."

"இல்லம்மா, ஒண்ணு சொல்லிடறேன். வெளக்கு வெச்சா அது எறங்கும். ஊர்ல அல்லார் ஊட்லயும் டிவி, மிக்ஸி, கிரைண்டர்னு போட்டா கரண்டே கொஞ்சம் சோந்துபூடும். அது சோந்தா உறுமலும் கூடவே எறங்கும். அத்த புடிச்சிக்கினு பாடினா பாட்டும் எறங்கும்மா."

அவன் சொன்னது மாமியின் காதில் விழுந்துவிட்டது. அன்று ஏழு மணிவரை இருந்து கேட்டார். உண்மைதான், ஒரு நூல் மேலே இருந்தது ஒரு நூல் கீழே போயிருந்தது. இதற்கும் உபகுழு தீர்வு கண்டது. சீஸன் முடியும்வரை தினமும் மாலை ஆறு முதல் ஒன்பதுவரை மயிலாப்பூருக்கு மின்சாரத்தை ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலேயே நிறுத்தித் தருமாறு கரண்ட் ஆபீசுக்கு எழுதுவதென்று தீர்மானம். ஆனால் ஒரு நூல் என்பது எவ்வளவு என்று கடிதத்தில் விளக்க வேண்டியிருந்தது. அதில் மாமிக்கும் சாய்நாத்துக்கும் கருத்து வேற்றுமை வந்து கடிதம் இன்றுவரை ஃபைலில் இருக்கிறது. இன்னொரு தீர்மானம் உடனே அமலுக்கு வந்தது: இந்த சீஸனில் சபாவுக்குள் தம்புரா அனுமதியில்லை, கலைஞர்கள் அனைவரும் சபாவின் சுருதியிலேயே பாட வேண்டும்.

டிசம்பர் பதினைந்து. தொடக்க நாள் மாலைக் கச்சேரி வர்ஷினிக்கு. இருபத்துநாலு வயசுப் பெண். அதுவரை மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மயக்கத்தில் தூங்க வருகிறவர்களுக்குப் பாடிக்கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாக மாலை நேரம் கிடைத்திருந்தது.

"எனக்கு அஞ்சரைக் கட்டை மாமி" என்றாள், தம்புராவை வாசலிலேயே பறிகொடுத்துவிட்டு.

"சபாவுக்கு அஞ்சும் ஒரு நூலும். உனக்கு சபா வேணுமா, அந்த அரை வேணுமா?"

வர்ஷினி அரையை விட்டுக்கொடுத்தாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம், புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் சேட்டு நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சாம்ராஜ்யத்தை நேரில் பார்க்க வந்திருந்தார். செயலாளர் நடந்து, திறந்து, தட்டி, பூட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பியதும் உறுமல் எழுந்தது. சேட்டுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்திலிருந்த வாட்ச்மேனிடம், "அடி தூள்! நம்ம போட்டு இன்ஜின் மாதிரியே கீது. யாரு நைனா வாசிக்கிறாங்கோ?" என்று கேட்டார்.

முதல் முக்கால் மணி நேரம் ஒருவிதமாக ஓடியது. வர்ஷினி ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே நின்று, கீழ் ஸ்வரங்களுக்குத் துழாவித் துழாவிப் பாடினாள். ஆறே முக்காலுக்கு ஊரில் டிவியும் மிக்ஸியும் கிரைண்டரும் ஓட ஆரம்பித்தன. உறுமல் மெல்ல இறங்கியது. அவளும் கூடவே இறங்கினாள். வயலின்காரர் தந்தியைத் தளர்த்தப் பிரடையைத் திருகினார். இன்னும் இறங்கியது, இன்னும் திருகினார். மிருதங்கக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டி, கடைசியில் வாசிப்பதா தட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்தினார். முன்வரிசையில் சூடாமணி மாமி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டியது சபாஷுக்கா இல்லையா என்பதை அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

நாலாவது வரிசையில் ஒரு வக்கீல் எழுந்தார். "ஓய் செயலாளரே! கச்சேரிக்கு வந்தோமா, மாவு மில்லுக்கு வந்தோமா?"

இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. பத்ரிநாராயணன் மேடையேறி, நிரவல் நடுவில் வாயைத் திறந்தபடி இருந்த வர்ஷினியின் முன்னாலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டார்.

"ரஸிகப் பெருமக்களே! பெட்டி அமெரிக்கத் தயாரிப்பு, அதில் குறை இல்லை. உபயதாரர் என் மாப்பிள்ளை, அவரிடம் குறை இல்லை. கமிட்டியில் நான் இருக்கிறேன், ஆகவே அங்கே குறைக்கு இடமே இல்லை. மிச்சம் யார்? அதோ கீழே உட்கார்ந்திருக்கிறானே, மைக்செட் தங்கவேலு. அவன் கை சரியில்லை! பதினோரு வருஷமாகப் பொறுத்தோம். நாளையிலிருந்து வேறு ஆள்!"

எண்ணூறு தலைகள் திரும்பின. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்த தலையும் சேர்த்து.

தங்கவேல் எழுந்தான்.  கை தானாகப் போயிற்று. தன் மிக்ஸரின் பின்பக்கத்திலிருந்து பெட்டிக்குப் போகிற ஒல்லியான வயரைப் பிடித்தான். பிடுங்கினான்.

உறுமல் நின்றது.

கூரை விசிறியின் கிறீச் கேட்டது. யாரோ முறுக்கைக் கடித்தது கேட்டது. கடித்தவர் வெட்கப்பட்டு மெல்லாமல் வைத்துக்கொண்டது கூடக் கேட்டது என்பார்கள். மேடை மூலையில் பெட்டி, பச்சை விளக்கு எரிய, மாலையும் குங்குமமுமாக, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

பத்ரிநாராயணன் வாய் திறந்தபடி மூன்று வினாடி நின்றார். மற்ற மனிதர்களுக்கு அந்த மூன்று வினாடியில் வெட்கம் வந்திருக்கும். அவருக்கு வார்த்தை வந்தது.

"பார்த்தேளா! ஒரே ஒரு வார்த்தை கண்டிச்சேன். நின்னுடுத்து!"

கைதட்டல் இடி இடித்தது. அந்தச் சந்தடியில் வர்ஷினி யாரையும் கேட்காமல் ஐந்தரைக்கு ஏறிவிட்டாள். மீதி ஒன்றேகால் மணி நேரம் அவள் பாடிய பாட்டைப் பற்றி மாட வீதியில் இன்றும் பேசுகிறார்கள்.

மினிட்ஸில் இப்படி ஏறியது: 'மாலை 7.12க்குச் செயலாளர் அவர்கள் கண்டித்ததன்பேரில் சத்தம் தன்னைத் திருத்திக்கொண்டது.' மைக்செட்காரன் திருந்திவிட்டான் என்று தங்கவேலையும் மன்னித்து வைத்துக்கொண்டார்கள். அவன் அந்த வயரைத் திரும்பச் சொருகவேயில்லை, பெட்டியின் காது அன்றோடு போயிற்று. ஒரு சத்தமும் உள்ளே போகவில்லை, ஒன்றும் வெளியே வரவில்லை. ஆனாலும் தினமும் செயலாளர் நடந்து போய்த் துவக்கிவைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "அடிநாதம் என்ன கம்பீரம், இங்கே வந்து இடிக்கிறதே!" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் சூடாமணி மாமி.

சேட்டுதான் மன்னிக்கவில்லை.

"எண்ணூறு பேர் முன்னால உன் கை சரியில்லன்னு மைக்குல சொல்ட்டான்யா. நாளைக்கு ஊட்ல ஒரு பீஸ் போனாக்கூட, கை சரியில்லாத மாப்ளன்னு குப்பமே சிரிக்கும்."

"நான்தான் மாமா நிறுத்தனேன். என் மிக்ஸர்லேர்ந்து வயரைப் புடுங்கனேன். அவங்கோ பொட்டியைத் தொடக்கூட இல்ல."

"அத்த நீ எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எந்த மைக்குல சொன்னானோ அதே மைக்குல அவங்கோ சொல்லணும். அப்பால பரிசம் பாத்துக்கலாம்."

தங்கவேல் கால்மிதிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். ஒரே ஒரு வாக்கியம் மைக்கில் சொன்னால் போதும் என்றான். பத்ரிநாராயணன் அவனைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உன் கை சரின்னு சொன்னா, நான் சொன்னது தப்புன்னு ஆகும். நான் சொன்னது தப்புன்னா, நான் சொன்னதுக்கு அது எப்படி நின்னுது? நின்னுதோ இல்லியோ? அப்போ உன் கை சரியில்லே. லாஜிக்கை மைக்ல திருப்பிச் சொல்ல முடியாதுப்பா."

நிலா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். பீச்சு மணலில், வேர்க்கடலை உரித்துக்கொண்டே.

"அது யாரு மைக்கு?"

"என்து."

"ஆம்ப்ளிஃபயரு?"

"என்து."

"ஸ்பீக்கரு?"

"என்துதான்."

"அப்புறம் நீ இன்னாத்துக்கு அவங்கிட்ட கெஞ்சிக்கினு கீற?"

 அன்றிலிருந்து தங்கவேல் ஒரு கணக்குப் போட்டான். வயரைத் திரும்பச் சொருகினால் உறுமும். எல்லோர் முன்னாலும் பிடுங்கினால் நிற்கும். உண்மை தெரிந்துபோகும். வேலை போகும், லெட்டர் போகும். ஆனால் கை சரியாகிவிடும். ஜனவரி பன்னிரண்டாம் தேதி நிறைவு விழாவுக்கு வரும்படி சேட்டுவைக் கூப்பிட்டான். "கடைசியா ஒரு தபா வா மாமா. இன்னான்னாலும் அன்னிக்கு முடிஞ்சிடும்."

நிறைவு விழாவுக்கு உபயதாரர் ஷ்ரவணே நேரில் வந்துவிட்டார், மனைவி ஹம்சினியோடு. பொன்னாடை, சந்தன மாலை, வெள்ளித் தட்டு. செயலாளர் ஒரு மணி நேரம் பேசினார். சத்தம் எப்படி வந்தது, உபகுழு எப்படிப் போராடியது, தம் ஒரு சொல்லில் எப்படி அடங்கியது என்று படிப்படியாகச் சொன்னார். தங்கவேலின் கையைப் பற்றி இரண்டாவது முறையும் சொன்னார். பிறகு ஷ்ரவண் மைக் முன்னால் வந்தார். கபடமில்லாத பிள்ளை, அமெரிக்காவில் ஏழு வருஷம் இருந்ததில் மாமனாரின் பழக்கங்கள் ஒன்றும் ஒட்டவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். மாமா என்னமோ சத்தம் சத்தம்ங்கறாரே, என்ன சத்தம்னு எனக்குப் புரியலே..."

தங்கவேல் வயரைச் சொருகினான்.

'உம்ம்ம்.'

ஷ்ரவணின் முகம் மலர்ந்தது, தொலைந்த சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்தவர் மாதிரி. "ஏய்! ஹம்சினி! அதே சத்தம்! நம்மாத்துல இருந்த அதே சத்தம்!"

முன்வரிசையில் ஹம்சினி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பத்ரிநாராயணன் மேடையிலிருந்தபடி தங்கவேலைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி ஆட்டினார்: குறை, குறை. தங்கவேல் ஷ்ரவணின் மைக் சத்தத்தை இன்னும் ஏற்றினான். கேண்டீன் பக்கத்து ஹாரன் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான். மாட வீதிவரைக்கும் கேட்டது.

"ரெண்டு வருஷம் எங்காத்துல இப்படித்தான் உறுமிண்டே இருந்தது. டிவி கேபிளைச் சொருகினா உறுமும், பிடுங்கினா நிக்கும். நாலு மெக்கானிக் வந்து பாத்தான். கடைசியிலே ஹம்சினி, ஒண்ணு இந்தப் பெட்டி இருக்கணும், இல்லே நான் இருக்கணும்னுட்டா. அங்கே பெரிய சாமானைத் தூக்கிப் போடறது லேசு இல்லே. அதான் சபாவுக்கே கொடுத்துட்டா மாமா பேரும் நிக்குமேன்னு..." சிரித்தார். "பாவம், மைக்செட்காரரைப் போய்த் திட்டியிருக்கேளே. எங்காத்துல மைக்செட்காரரே கிடையாதே!"

தங்கவேல் வயரைப் பிடுங்கினான். இந்தத் தடவை கையை உயர்த்தி, வயர் நுனி தொங்க, எல்லோரும் பார்க்கும்படி.

முதலில் சிரித்தவர் அந்த வக்கீல். பிறகு வரிசை வரிசையாகப் பரவியது. சூடாமணி மாமி நெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாய்நாத் எழுதிக்கொண்டிருந்தார்: 'உபயதாரர் நகைச்சுவையாக உரையாற்றினார்.'

சேட்டு பின்னாலிருந்து நேராக மேஜையருகே வந்தார். "அந்தக் கையை இப்டிக் காட்டு" என்றார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தானே கீது. போலாம் வா."

மறுவாரம் கமிட்டி கூடித் தங்கவேலை நீக்கியது. செயலாளரின் அனுமதியின்றி உறுமலை நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. சொன்னபடியே அத்தனை சபாக்களுக்கும் லெட்டர் போயிற்று: 'உறுமும் ஒலிப்பெட்டிகளை இவர் எவ்வித அதிகாரமுமின்றி அடக்கிவிடுகிறார், எச்சரிக்கை.' தி. நகரில் இரண்டு சபாக்களும் அடையாறில் ஒன்றும் அதே வருஷம் அமெரிக்க மாப்பிள்ளைகளிடமிருந்து பெட்டி வாங்கி, வண்டு தேடிக்கொண்டிருந்தன. லெட்டர் கிடைத்த அன்றே மூன்றும் தங்கவேலுக்கு ஆள் அனுப்பின.

தை கடைசியில் பரிசம், மாசியில் கல்யாணம். அவனும் நிலாவும் கொட்டிவாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கடையின் கணக்கு வழக்கையெல்லாம் அவள்தான் பார்க்கிறாளாம். ஒரு வயர் கோணலாகச் சுற்றியிருந்தாலும் அவன் மூஞ்சிக்கே திரும்ப வந்துவிடுகிறதாம். வர்ஷினிக்குப் பம்பாய் மாப்பிள்ளை அமைந்து மாதுங்காவில் இருக்கிறாள். சூடாமணி மாமி அடையாறில் பிள்ளையின் ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். சாய்நாத்துக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. பத்ரிநாராயணன் மகளோடு இருக்க நியூ ஜெர்சிக்கே போய்விட்டார். அங்கே நம் ஜனங்கள் இருபது வருஷமாக ஒற்றுமையாக ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்களாம். அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாசம் அது இரண்டாக உடைந்தது என்று கேள்வி.